ஆறு ஜி

திருவொற்றியூர் தேரடி மெட்ரோவில் இறங்கினால்
மூன்றாவது ஷட்டர் என்னுடையது.
ஜெராக்ஸ் இரண்டு ரூபாய், லேமினேஷன் இருபது,
பயோடேட்டா நூற்றைம்பது.
திருத்தம் இரண்டு முறை இலவசம்.

எதை மேலே போடுவது,
எதைக் கடைசிப் பக்கத்தில் ஒளிப்பது,
மூன்று நாள் ஆன்லைன் வகுப்பை
எப்படி இன்டர்நேஷனல் ஆக்குவது,
விரலுக்கே தெரியும்.
நெட்வொர்க், கிளவுட், டேலி, ஆட்டோகேட்.
தூக்கத்திலும் எழுத்துப்பிழை வராது.

டிசம்பர் மழையில்
சான்றிதழை மட்டும் நனையாமல் கொண்டுவந்தார்
தேசப்பன்.
"ஆறு ஜி போடுக்கா, பெரிய எழுத்துல."
"இப்பதானே அஞ்சே வந்திருக்கு" என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
மேசைப் பேனாவை எடுத்துச்
சரிபாதிச் சாய்வில் பிடித்துக் காட்டினார்.
"இதான் பைப்பு. இது சுத்தாது, நகராது.
நாமதான் சுத்தணும்.
மேல, பக்கத்துல,
அப்பால மல்லாக்கப் படுத்து அடியில.
எங்கயும் கை ஆடக்கூடாது.
அது பேரு ஆறு ஜி."

தட்டினேன்.
ஒரு எண், ஒரு எழுத்து.
அதற்குப் பக்கத்தில்
தாள் முழுக்க வெள்ளையாகக் கிடந்தது.

சான்றிதழின் அடியில்
எறும்பு வரிசை போல ஒரு வாக்கியம்:
ஆறு மாதம் தொடர்ந்து வெல்டிங் செய்யாவிட்டால்
இந்தத் தகுதி செல்லாது.

மணலியில் ஷட்டவுன் வேலை முடிந்தது மார்ச்சில்.
பிறகு காண்ட்ராக்டர் போனை எடுக்கவில்லை.
மீஞ்சூரில் தண்ணீர் கேன் ஏற்றினார்.
எர்ணாவூரில் மச்சான் படகுக்குப் போனார்.
படகில் பிடித்த வலையை
எந்தக் கட்டத்தில் நிரப்புவது?

வேலைக் கடிதத்தில் மாதம்: மூன்று.
"ஒரு நம்பர்தானேக்கா?" என்றார்.
ஒரு நம்பர்தான்.
மூன்றின் இரண்டு வாய்களையும் மூடினால் எட்டு.
ஸ்கேன் செய்து, மை நிறம் பொருத்தி, திரும்ப அச்சடித்து,
பத்து நிமிட வேலை.
செய்திருக்கிறேன்.
முதல் வருட வாடகையில் பாதி அப்படித்தான் வந்தது.

மவுஸைத் தொட்டேன்.
அவரே தடுத்தார்.
"வேணாம்க்கா. எக்ஸ்ரே எடுப்பான்."
"தாளையா?"
"ஜாயின்ட்டை.
மேலால பாத்தா வழவழன்னு மீன் செதில் மாதிரி இருக்கும்.
உள்ள கடுகளவு காத்து நின்னாக்கூட
ஃபிலிம்ல கருப்பாக் காட்டிக்குடுத்துரும்.
அறுத்துப் போட்டுட்டு
மறுபடி அடின்னுவான்."

மார்ச் மார்ச்சாகவே இருந்தது.
அதற்குக் கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி சேர்த்தேன்.
என்ன எழுதினாய் என்று கேட்டார்.
"டெஸ்ட் வைங்க, வர்றேன்னு."
"அப்படியே போடு."

ஹாபி என்ற இடத்தில்
எல்லோருக்கும் கிரிக்கெட் போடுவேன்.
அவருக்கும் போட்டேன்.

சூடாக வெளிவந்த தாளை
விளிம்பில் மட்டும் பிடித்தார்.
பொறி பட்டுப் பட்டு
இரண்டு கட்டைவிரலிலும் ரேகை பாதி இல்லை.
நூறு ரூபாய் தந்தார்,
ஐம்பது பாஸானதும் என்றார்.
நோட்டில் எழுதிக்கொண்டேன்.

அன்றிரவு ஷட்டர் இறக்கிய பிறகும்
கணினியை அணைக்கவில்லை.
பழைய கோப்புகள்,
பெயர் மறந்த முகங்கள்.
நான் வாய் மூடிய மூன்றுகள்
எந்தக் குழாயில், எந்த பாய்லரில்
எவ்வளவு அழுத்தத்தைத் தாங்கி நிற்கின்றனவோ.

மறுநாள் ஒரு பையன்.
கழுத்தில் கல்லூரி அடையாள அட்டை,
பரீட்சையே எழுதாத கிளவுட் சான்றிதழ் ஒன்றைச்
சேர்க்கச் சொன்னான்.
"எக்ஸ்ரே எடுப்பாங்க தம்பி" என்றேன்.
"எதுக்கு? எங்க?"
என்ன சொல்வதென்று தெரியவில்லை.
"இனிஷியல் சொல்லு" என்று
முதல் வரியைத் தட்டத் தொடங்கினேன்.